சாமில் லாரி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரையில், டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் டீசல் பட்டறை நடத்துகிறேன். ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட சாமில் லாரிகளை வாங்கியவர்கள், வாங்க நினைப்பவர்கள், வாங்கிவிட்டு விழிப்பவர்கள் என்று மூன்று வகை மனிதர்கள் வாசலுக்கு வருகிறார்கள். மூவரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். சிலவற்றைக் கோயிலிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூடக் கேட்டிருக்கிறார்கள். அவரவர் கேட்டபடியே கேள்விகளை வைத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

அது என்ன சாமில்? பென்ஸ், லேலண்ட் மாதிரி அதுவும் ஒரு கம்பெனியா?

கம்பெனி இல்லை. தென்னாப்பிரிக்க ராணுவம் தனக்காக வகுத்துக்கொண்ட லாரிக் குடும்பத்தின் பெயர். 1980-களின் தொடக்கத்திலிருந்து படையில் பரவலாக ஓடத் தொடங்கியது. அடிப்படை வடிவம் ஜெர்மனியின் மகிரஸ் டாய்ட்ஸ் லாரிகளிலிருந்து வந்தது. அதை இந்த நாட்டின் தேவைக்கேற்ப மாற்றி, உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம். மின்சாரம் 24 வோல்ட்.

20, 50, 100 என்று சொல்கிறார்களே, அது குதிரைத்திறனா?

இல்லை, சுமை. சாமில் 20 ஏறத்தாழ 2 டன் ஏற்றும், 50 என்பது 5 டன், 100 என்பது 10 டன். முதல் இரண்டும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் 4×4 வண்டிகள். 100 வகை 6×6, ஆறு சக்கரங்களும் இழுக்கும். இந்தச் சுமைக் கணக்கு காட்டுப் பாதைக்குப் போட்டது. தார்ச்சாலையில்தானே போகிறோம், கூடுதலாக ஏற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பிரேக்குக்கு இரண்டு பாதையும் ஒன்றுதான்.

உலகத்தில் இத்தனை லாரி இருக்கும்போது இவர்களே ஏன் செய்துகொள்ள வேண்டும்?

வாங்குகிற வழி குறுகிக்கொண்டே வந்தது. அதற்கு முன் படையில் பிரிட்டனின் பெட்ஃபோர்டு லாரிகளும் ஜெர்மனியின் யூனிமோக்குகளும் ஓடின. 1963-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆயுதம் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. 1977 நவம்பர் 4 அன்று 418-ஆம் தீர்மானத்தின் மூலம் அதையே எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாக்கியது. காரணம் நிறவெறி ஆட்சி.

லாரி துப்பாக்கி இல்லையே என்று வாதிட்டு, வணிகப் பொருள் என்ற பெயரில் எவ்வளவோ உள்ளே வந்தது உண்மைதான். ஆனாலும் அடுத்த கப்பல் வருமா என்பது தெரியாமல் ஒரு ராணுவம் உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்க முடியாது. அந்த அச்சத்தில்தான் சாமில் பிறந்தது. ஒரே குடும்பத்தில் மூன்று அளவு என்று வைத்துக்கொண்டதும் இதனால்தான். பலவிதப் பாகங்களைச் சேமித்து வைக்கும் தொல்லை குறையும்.

கடுமையான பாதைக்குச் செய்த லாரி என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படி என்ன பாதை அது?

இன்றைய நமீபியாவின் வடக்கும் அங்கோலாவின் தெற்கும். 1966 முதல் 1989 வரை அங்கே நடந்த எல்லைப் போருக்குச் சரக்கு கொண்டுபோனவை இத்தகைய லாரிகள்தான். சரக்கு ரயிலில் குரூட்ஃபான்டைன் ராணுவக் கிடங்குக்கு வரும். அங்கிருந்து ருண்டுவுக்கும் ஒண்டாங்வாவுக்கும் லாரிதான். ருண்டு மட்டுமே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அதற்கு அப்பால் இருந்த முகாம்களுக்கு மணல் தடம் மட்டுமே.

அந்த வடக்கு நமீபியப் பகுதிக்கு ஓவாம்போலாந்து என்று பெயர். அதன் மணலில் கல் கிடையாது. மாவு போன்ற தூசி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். மொபானி மரக் கட்டைகளும் முள்ளும் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். கோடையில் அந்த வெயில். மழைக்காலம் வந்தால் அதே சமவெளியில் ஒஷானா எனப்படும் ஆழமில்லாத அகன்ற நீரோடைகள் நிரம்பிக்கொள்ளும். காலையில் மணலில் சிக்கிய வண்டி மாலையில் சேற்றில் சிக்கும். இவை போதாதென்று தடத்துக்குள் புதைத்து வைத்த கண்ணிவெடிகள். முக்கியச் சாலைகளுக்குத் தார் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம், தாரைத் தோண்டிப் புதைத்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்ட பையன்கள். லாரி ஓட்டிப் பழகிய கைகள் இல்லை. முரட்டுக் கியர் மாற்றலையும் தப்பான கிளட்ச் மிதியையும் தாங்குவதும் இந்த வண்டியின் வேலைப் பட்டியலில் இருந்தது.

மாமா, இதில் ரேடியேட்டரே இல்லையாமே? எஞ்சின் எரிந்து போகாதா?

முதல் தலைமுறை சாமில்களில் டாய்ட்ஸ் எஞ்சின். தண்ணீர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். சாமில் 20-இல் ஆறு சிலிண்டர் நேர்வரிசை 913 வகை. 50-இல் வி வடிவ ஆறு சிலிண்டர், 100-இல் வி வடிவப் பத்து சிலிண்டர், இரண்டும் 413 வகை. ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாக, உடம்பைச் சுற்றி மெல்லிய இதழ் இதழான தகடுகளோடு நிற்கும். பெரிய மின்விசிறி போன்ற ஊதி ஒன்று அந்த இதழ்களுக்கிடையே காற்றை அழுத்தித் தள்ளும். 913-இல் அதை பெல்ட் சுழற்றுகிறது. 413-இல் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இணைப்பு சுழற்றுகிறது. புகைக்குழாயின் சூட்டைப் பொறுத்து அந்த இணைப்பு ஊதியின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும்.

பாலைவனத்தில் காற்றே சுடுமே, அது எப்படிக் குளிர்விக்கும் என்பது அடுத்த சந்தேகம். தண்ணீர் எஞ்சினில் ரேடியேட்டர் ஏறத்தாழ 90 டிகிரியில் இருக்கும். வெளிக்காற்று 45 டிகிரி ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 45 டிகிரியாகச் சுருங்கிவிடும், சூட்டை வெளியேற்றுவது கடினமாகும். காற்று எஞ்சினின் சிலிண்டர் இதழ்கள் அதைவிட மிகுந்த சூட்டில் இயங்குகின்றன. அதனால் வெளிக்காற்று பத்திருபது டிகிரி ஏறினாலும் விகிதத்தில் பெரிய இழப்பு இல்லை. கூடவே முள் குத்த ரேடியேட்டர் இல்லை, வெடிக்க ஹோஸ் இல்லை, கசிய வாட்டர் பம்ப் இல்லை. குடிக்கவே தண்ணீர் அளந்து கொடுக்கும் இடத்தில் எஞ்சினுக்கு ஊற்ற வேண்டியதும் இல்லை. ஒரு சிலிண்டர் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், முழு எஞ்சினை இறக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. சத்தம் காதைக் கிழிக்கும். ஆயிலைத் தவறாமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் ஒரு பங்கை ஆயில்தான் சுமக்கிறது. 913-இல் ஊதியின் பெல்ட் அறுந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு இடமே இல்லை.

எஞ்சினுக்குக் காற்று நன்றாகப் போகட்டும் என்று சுற்றியிருந்த தகரங்களைக் கழற்றிவிட்டேன். இப்போது முன்பைவிடச் சூடாகிறது. ஏன்?

அந்தத் தகரங்களை உடனே திரும்ப மாட்டுங்கள். அவை மூடி இல்லை, காற்றுக்கு வழி காட்டும் தகடுகள். அவை இருந்தால்தான் ஊதி தள்ளும் காற்று இதழ்களுக்கிடையே புகுந்து போகும். இல்லாவிட்டால் எளிதான வழியில் வெளியே ஓடிவிடும், பின்னால் இருக்கும் சிலிண்டருக்கு எதுவும் எட்டாது. ஏலத்தில் வந்த வண்டிகளில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு இதுதான். முந்தைய சொந்தக்காரர் நல்ல எண்ணத்தோடு செய்த வேலை.

தகரம் சரியாக இருந்தும் சூடானால் டார்ச் அடித்து இதழ்களைப் பாருங்கள். சிறிதாக ஆயில் கசியும், அதன்மேல் கரும்புச் சோகைத் தூளும் செம்மண்ணும் ஒட்டி, வெந்து, கறுத்த கெட்டிப் பத்தையாகிவிடும். விரல் நகத்தால் சுரண்டினாலும் வராது. எஞ்சின் ஆறியபின் பாரஃபின் (மண்ணெண்ணெய்) தடவி ஊறவைத்து, நார்த் தூரிகையால் தேய்த்து, பிறகு காற்றழுத்தத்தால் ஊதி எடுக்க வேண்டும். சூடான எஞ்சின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

என் சாமிலில் ரேடியேட்டர் இருக்கிறதே! ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, உங்களுடையது இரண்டாம் தலைமுறை. கேப் டவுனுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் அட்லாண்டிஸ் என்ற ஊர். அங்கே அட்லாண்டிஸ் டீசல் எஞ்சின் ஆலையை அரசு நிறுவியது. பெர்க்கின்ஸ், மெர்சிடஸ் பென்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் வடிவங்களை உரிமம் பெற்று அங்கே செய்தார்கள். தடை இறுகினாலும் டீசல் எஞ்சின் நாட்டுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பிற்காலச் சாமில்களில் ஏறியது இந்த ஆலையின் தண்ணீர் எஞ்சின்.

எது நல்லது என்று சண்டை வேண்டாம். காட்டுக்கு டாய்ட்ஸ், ஊருக்கு அட்லாண்டிஸ் என்பது என் கணக்கு. அட்லாண்டிஸ் எஞ்சின் சத்தம் குறைவு. மெர்சிடஸ் லாரி பழகிய எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால்தானே பாரம் தாங்கும்? இதில் ஒற்றையாக வைத்திருக்கிறார்களே?

தார்ச்சாலைக்கு உங்கள் கணக்கு சரி. மணலில் வேறு. முன் சக்கரம் மணலை அழுத்தி ஒரு தடம் போடும். பின் சக்கரம் ஒற்றையாக, அதே அகலத்தில் இருந்தால் அந்த அழுத்திய தடத்திலேயே உருளும். இரட்டையாக இருந்தால் வெளிச் சக்கரம் புதுத் தடம் வெட்ட வேண்டும், அதற்கு எஞ்சின் தனியாக உழைக்க வேண்டும். இரண்டு டயருக்கு நடுவே கல்லோ கட்டையோ சிக்கி டயரைக் கிழிக்கும் தொல்லையும் ஒற்றையில் இல்லை. அதனால்தான் பெரிய, அகன்ற டயர். 100 வகையில் 14.00-20 அளவு.

ஒரு எச்சரிக்கை. இந்த டயர்கள் மேற்பகுதி தேயாமல் நன்றாக இருந்தும் வயதாகிப் போயிருக்கும். கிடங்கில் நின்றே கிழடாகியிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. விலை பேசுவதற்கு முன் அதைப் படியுங்கள். ஆறு புது டயர் வாங்குகிற செலவைக் கேட்டதும் 100 வாங்குகிற ஆசையைக் கைவிட்டவர்கள் உண்டு.

மணலில் டயர்க் காற்றை எவ்வளவு இறக்குவது?

பொதுவாகத் தார்ச்சாலை அழுத்தத்தில் பாதி வரை. காற்று குறைந்தால் டயர் அகலமாவதைவிட நீளமாகத் தரையில் படியும், அந்த நீளம்தான் வண்டியை மிதக்க வைக்கிறது. மெதுவாகப் போங்கள், கூர்மையாகத் திருப்பாதீர்கள், வளையத்திலிருந்து டயர் கழன்றுகொள்ளும். தார்ச்சாலை ஏறும் முன் திரும்பக் காற்று பிடிக்க வேண்டும். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டும் டிஃப் லாக்கையும் அப்போதே எடுத்துவிடுங்கள். கெட்டித் தரையில் பூட்டிய டிஃப்போடு திருப்பினால் அச்சுதண்டு முறியும்.

கண்ணிவெடி வெடித்தாலும் சாமிலுக்கு ஒன்றும் ஆகாதாமே? என் நண்பன் அடித்துச் சொல்கிறான்.

நண்பன் வேறு வண்டியைச் சொல்கிறார். சாதாரணச் சரக்குச் சாமிலுக்கு வெடிப் பாதுகாப்பு கிடையாது. சொல்லப்போனால் இந்த மூக்கில்லா கேபினில் ஓட்டுநர் முன் சக்கரத்தின் பக்கத்தில், ஏறக்குறைய அதன் மேலேயே உட்காருகிறார். வெடி முதலில் மாட்டுவது அந்தச் சக்கரத்தில்தான். சோவியத் தயாரிப்பான டி.எம்.57 போன்ற வெடியில் 6 கிலோவுக்கு மேல் வெடிமருந்து இருக்கும்.

இதற்குக் கண்ட விடைதான் க்வேஃபூல். சாமில் 50, 100 சேசிஸ்களில் சாதாரண கேபினை எடுத்துவிட்டு, அடிப்பகுதி வி வடிவில் கூரான இரும்புக் கவசக் கேபினை வைத்தார்கள். வெடியின் வேகம் அந்தச் சாய்வில் பட்டு இரு பக்கமும் சிதறும். ஆள் பிழைப்பார். சரக்கும் சக்கரமும் போனால் போகட்டும் என்ற கணக்கு. ஆட்களை ஏற்றும் பஃபல், காஸ்பிர் வண்டிகளிலும் இதே வி வடிவம்தான். பஃபல் யூனிமோக் சேசிஸில் எழுந்தது. அதன் டயர்களில் தண்ணீர் நிரப்பி ஓட்டியதும் வெடியின் வேகத்தைக் குறைக்கத்தான்.

ராக்கெட் ஏவும் லாரியும் சாமில்தானா?

ஆமாம். வால்கிரி என்ற 127 மில்லிமீட்டர் ராக்கெட் ஏவி, 24 குழாய்களோடு சாமில் 20 மேல் இருந்தது. மேலே கித்தான் கூடாரம் போட்டுவிட்டால் சரக்கு லாரி மாதிரியே தெரியும், வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். பின்னால் வந்த 40 குழாய் வண்டிக்கு க்வேஃபூல் 100.

எங்களுக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. கரும்பு ஏற்ற சாமில் வாங்கலாமா?

ஆலைக்குக் கரும்பு கொண்டுபோக வேண்டாம். வடக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் கரும்பு லாரிகள் ஒரே நடையில் இருபது முப்பது டன் இழுக்கின்றன. அவற்றோடு 5 டன் வண்டி போட்டி போட முடியாது. டீசல் செலவிலேயே தோற்றுவிடும்.

தோட்டத்துக்குள்ளே என்றால் பேச்சு வேறு. மழையில் டிராக்டர் தவிர எதுவும் ஏறாத தடத்தில் உரம், ஆட்கள், கருவி, நாற்றுக் கரணை கொண்டுபோக சாமில் 20 அருமையான வண்டி. கரும்பு கொளுத்தும் பருவத்தில் தீயணைக்க 50-இன் மேல் தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் நிறைய. அதிலும் ஒரு கணக்கு பாருங்கள்: 5,000 லிட்டர் தண்ணீரே 5 டன். தொட்டி, பம்ப், குழாயின் எடை அதற்கு மேல். எனவே தொட்டி 4,000 லிட்டரைத் தாண்டக் கூடாது, உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி வண்டியைச் சாய்த்துவிடும். இந்த லாரிகள் உயரமானவை. ஓவாம்போலாந்து தட்டையான நாடு, நம்முடைய நேட்டால் மலைச்சரிவு அப்படி இல்லை. குறுக்குச் சரிவில் ஓட்டாதீர்கள், நேராக ஏறி நேராக இறங்குங்கள்.

2022 வெள்ளத்தில் ராணுவ லாரி வந்ததைப் பார்த்தோம். இது எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகும்?

அந்த ஏப்ரல் 11, 12 மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றோம். 10,000 படைவீரர்களை அனுப்புவதாக அரசு அறிவித்தது.

சாமில் ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழத்தைக் கடக்கும். ஆனால் அது நின்ற தண்ணீருக்கான எண், அடித்தரை கெட்டியாக இருக்கும்போது. ஓடும் வெள்ளத்தில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பாலத்துக்கு அடியில் மண் அரித்துப் போயிருந்தால் எந்த லாரிக்கும் வழி கிடையாது. தண்ணீர் கடந்தபின் டிஃப் ஆயில், கியர்ப்பெட்டி ஆயில் இரண்டையும் திறந்து பாருங்கள். பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அன்றே மாற்ற வேண்டும். டாய்ட்ஸ் எஞ்சின் என்றால் கொதிக்கும் நிலையில் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்காமல் சற்று ஆறவிடுங்கள்.

எந்த லைசென்ஸ் வேண்டும்? என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது.

கார் லைசென்ஸ் போதாது. மொத்த எடை 3,500 முதல் 16,000 கிலோ வரை சி1 வகை, அதற்கு மேல் சி வகை. சாமில் 20-உம் 50-உம் சி1-க்குள் வரும், 100 சி வகை. 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் இழுத்தால் இசி1 அல்லது இசி. சரக்கு வண்டி ஓட்ட தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வில்லையில் வெற்று எடையும் மொத்த எடையும் அச்சிட்டிருக்கும், அதுதான் சட்டத்தின் கணக்கு. ஆண்டுக் கட்டணம் வெற்று எடையைப் பொறுத்தது. இரும்புக்குப் பஞ்சமில்லாத வண்டி, கட்டணமும் அப்படித்தான்.

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

இதைக் கேட்பவர்கள் வாங்க வேண்டாம். 50 வகையில் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டரை ஒட்டிக் கிடைத்தால் மகிழ்ச்சி.

ஏலத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

தாளை முதலில் பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தாளில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்பதே முதல் கேள்வி. எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் போலீஸ் சான்று வாங்காமல் பதிவு நகராது. மலிவாகக் கிடைத்த லாரி தாளில்லாமல் பட்டறை ஓரத்தில் புல் முளைத்து நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

பிறகு ரப்பர். ஓடின தூரம் குறைவு என்று மீட்டரைக் காட்டுவார்கள், உண்மையாகவே குறைவாக இருக்கும். ஆனால் பிரேக் ஹோஸ், காற்றுக் குழாய், சீல் எல்லாம் நின்ற இடத்திலேயே வெடித்திருக்கும். வண்டி வாங்கிய பணத்தில் ஒரு பங்கைப் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். டாய்ட்ஸ் என்றால் முன்பு சொன்ன இதழ்களையும் வழிகாட்டித் தகரங்களையும் பாருங்கள்.

அடுத்தது பேட்டரிப் பெட்டி. 24 வோல்ட்டுக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ரேடியோவோ போன் சார்ஜரோ மாட்டுவதற்கு ஒரே பேட்டரியிலிருந்து கம்பி இழுத்திருந்தால், ஒன்று குறைந்தும் மற்றது கூடுதலாகச் சார்ஜாகியும் இரண்டும் கெட்டிருக்கும். 24-ஐ 12 ஆக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினால் தீர்ந்தது. கம்பி வேலை அலங்கோலமாக இருக்கும் வண்டியில் மற்ற வேலைகளும் அப்படியே இருக்கும், நான் அதை அடையாளமாகவே வைத்திருக்கிறேன்.

உதிரிப் பாகம் கிடைக்குமா?

எஞ்சினுக்குக் கவலையில்லை. 913, 413 இரண்டும் உலகம் முழுக்கப் பம்ப், ஜெனரேட்டர், சுரங்க இயந்திரங்களில் ஓடியவை. அட்லாண்டிஸ் எஞ்சினுக்கு மெர்சிடஸ், பெர்க்கின்ஸ் வழி உண்டு. சிரமம் மற்றவற்றில்தான்: கேபின் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, எஞ்சின் இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் உள்பாகங்கள். அதனால் பலர் இரண்டாக வாங்கி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். இடம் இருந்தால் அதுவே புத்திசாலித்தனம்.

நான் ஓசூரிலிருந்து எழுதுகிறேன் ஐயா. எங்கள் ஸ்டாலியனும் உங்கள் சாமிலும் ஒன்றுதானே?

வேலை ஒன்று, பிறப்பு வேறு. அசோக் லேலண்டின் ஸ்டாலியன் தண்ணீர் எஞ்சின், ஜப்பானின் ஹினோ வழி வந்தது. சமவெளிச் சாலையில் 7.5 டன், மலைக்கும் கரடுமுரடுக்கும் 5 டன் என்று இரட்டைக் கணக்கு அதற்கு. சாமிலுக்கு உறவு சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய சக்திமான் லாரியைச் சொல்லலாம். அதுவும் ஜெர்மன் வழி, மான் நிறுவனத்தின் வடிவத்தை உரிமம் பெற்று ஜபல்பூரில் செய்தார்கள். குளிரும் உயரமும் இமயத்தின் தொல்லை, மணலும் தூசியும் இங்கே. ஒன்றை எடுத்து மற்ற இடத்தில் ஓட்டினால் இரண்டும் திணறும்.

இப்போதும் ராணுவத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. 1994-இல் படை புதிதாக அமைந்தபோது சாமில்களும் கைமாறின. இடையில் இவெகோ அடிப்படையில் சாமாக் லாரிகள் வந்தன. சாமில்களை மாற்றுவதற்கு விஸ்துலா என்ற திட்டம் வகுத்தார்கள், அது பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போனது. அதனால் கிழவர்கள்தான் பாரம் சுமந்தார்கள்.

அண்ணா, நான் வாங்கி வந்த நாளிலிருந்து தாத்தா அந்த லாரிப் பக்கமே வருவதில்லை. பழைய இரும்புதானே, அதற்கு என்ன கோபம்?

தம்பி, அவருக்கு அது பழைய இரும்பு இல்லை. 1984 அக்டோபரில் ராணுவம் கறுப்பின மக்களின் செபோகெங் நகருக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பல பகுதிகளில் நெருக்கடி நிலை, 1986 ஜூன் 12 முதல் நாடு முழுவதும். இந்தப் பழுப்பு லாரிகளிலும் பஃபல்களிலும் வந்து இறங்கியவர்களைப் பார்த்த தலைமுறை அது. கட்டாயச் சேவை வெள்ளையருக்கு மட்டும்தான். ஆனால் 1970-களில் டர்பன் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கென ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் நடந்தது. அதில் சேர்ந்தவர்களால் குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுபோனதும் உண்டு. 1984-இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் மூவருக்கும் தனித்தனி அவை வைத்த முச்சபை நாடாளுமன்றம் வந்தபோது, ஓட்டுரிமை தந்துவிட்டு அடுத்து நம் பிள்ளைகளையும் படைக்கு இழுப்பார்கள் என்று வீடுவீடாகப் பேசினார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலுக்கே போகவில்லை.

இந்த வண்டியின் பொறியியலை நான் மெச்சுகிறேன், அதை எதற்காகச் செய்தார்கள் என்பதை மெச்சவில்லை. இரண்டையும் சேர்த்தே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கு என் யோசனை: ராணுவப் பழுப்பை அழித்து வேறு நிறம் அடி. படை எண்களையும் சுரண்டி எடு. தாத்தாவை ஏறச் சொல்லி வற்புறுத்தாதே.

தைப்பூசக் காவடிக்குச் சாமியின் ரதத்தைச் சாமில் 50-ஆல் இழுக்கலாமா? ஆட்களையும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாமா?

ரதம் இழுக்கலாம். நடை வேகத்தில் போனால் எஞ்சின் சூடாகுமோ என்று பயப்பட வேண்டாம். டாய்ட்ஸின் ஊதிக்கு வண்டியின் வேகம் கணக்கில்லை, எஞ்சின் ஓடினாலே காற்று வரும். எரிவது கிளட்ச்தான். பாதி மிதித்தபடி ஊராதீர்கள். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள், அது தானே நடக்கும். அதுவும் வேகமாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் போங்கள். லோ ரேஞ்ச் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும், அதனால் தார்ச்சாலையில் கூர்மையான திருப்பம் வந்தால் அகலமாக எடுங்கள். நாதஸ்வரம் கேட்க வேண்டுமானால் லாரிக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நடுவே ரதம் இருக்கட்டும்.

ஆட்களைப் பொறுத்தவரை: கட்டணம் வாங்கிக்கொண்டு சரக்குப் பகுதியில் யாரையும் ஏற்றக் கூடாது. இலவசமாக ஏற்றினாலும், உட்கார்ந்து வந்தால் பக்கத் தடுப்பு இருக்கையிலிருந்து 350 மில்லிமீட்டர், நின்று வந்தால் நிற்கும் தட்டிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். தரையிலிருந்து சாமிலின் பின்தட்டு நெஞ்சுயரம். விரதம் இருந்து வெயிலில் நடந்த பாட்டிகளை அதில் ஏற்றி இறக்குவது எப்படி என்று முதலில் யோசியுங்கள். ஒரு படிக்கட்டைப் பற்றவைத்துக் கொடுக்கச் சொன்னால் செய்து தருகிறேன், கோயில் வேலைக்குக் கூலி வேண்டாம், இரும்புக்கு மட்டும் பணம் கொடுங்கள்.